பள்ளியில் நடத்தும் தடுப்பு, ஆதரவுத் திட்டம் பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதியில் ஆறு அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில், ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அறக்கட்டளை போதைத் தடுப்பு வகுப்புகளும் ஆலோசனைச் சேவையும் நடத்துகிறது. ஜூனிலும் பிப்ரவரியிலும் கொடுத்த வினாத்தாளில் விழிப்புணர்வு மதிப்பெண் 40 சதவீதத்திலிருந்து 85 சதவீதமாக ஏறியிருக்கிறது. இருந்தும் நிதி தருபவர்கள் இது போதாது என்கிறார்கள். வேறு எதைக் காட்டுவது என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் அதன் கடைசி வரியில், உண்மையைச் சொன்னால் எங்களுக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது என்றும் சேர்த்திருக்கிறீர்கள். ஆகவே நிதி தருபவர்களைச் சம்மதிக்க வைக்கும் வழியை விட்டுவிட்டு, உங்கள் திட்டம் இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளைகளின் நிலை வேறாக இருந்திருக்குமா என்பதையே நீங்கள் கேட்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பொதுச் சுகாதாரம் படித்தவன். வடசென்னையிலும் வெளியிலும் பள்ளி நலத் திட்டங்களை மதிப்பிடும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். மனநல மருத்துவன் அல்ல என்பதால் ஆலோசனை எப்படித் தரப்பட வேண்டும் என்பதில் என் சொல்லுக்கு எடை குறைவு. உங்கள் வினாத்தாளையும் நான் பார்க்கவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். போதைப்பொருளின் தீமைகள் ஒரு பிள்ளைக்குத் தெரியும் என்பதிலிருந்து அந்தப் பிள்ளை அதைத் தொடமாட்டாது என்ற முடிவுக்கு வர முடியாது. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை தொடங்கிய 'டேர்' என்ற பள்ளித் திட்டம் இதற்கு மிகவும் பேசப்பட்ட சான்று. சீருடைக் காவலர்கள் வகுப்பறைக்கே வந்து பாடம் நடத்தினார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் மனதாரப் பாராட்டினார்கள். நாடு முழுவதும் பரவியது. ஆனால் அப்பாடம் கேட்ட மாணவர்களையும் கேட்காதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2003இல் தொகுத்துச் சொன்னது. நம் ஊரிலும் 2022 ஆகஸ்ட் 11 அன்று மாநிலம் முழுவதும் பள்ளிகளில் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழி எடுத்தவர்களின் எண்ணிக்கை அந்த நிகழ்ச்சியின் அளவை மட்டுமே காட்டும். உங்கள் 85 சதவீதமும் பிள்ளைகள் பாடத்தைக் கவனித்தார்கள் என்பதற்குச் சான்று. அது பெருமைப்படத்தக்கதே, ஆனால் அதற்கு மேல் அதை ஒரு அங்குலமும் இழுக்கக் கூடாது.

அடுத்ததாக, ஜூன் மாத நிலையோடு பிப்ரவரி மாத நிலையை ஒப்பிடுவது. இதில்தான் நல்ல நோக்கமுள்ள அமைப்புகளும் சறுக்குகின்றன. காசிமேட்டையோ திருவொற்றியூர்க் குப்பங்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் ஜூனில் நீங்கள் முதல் வினாத்தாளைக் கொடுக்கும்போது, இரண்டு மாதம் வருமானம் முடங்கி, வட்டிக்கு வாங்கி, வீட்டில் சண்டை மூண்டு ஓய்ந்திருக்கும் நேரம் அது. செப்டம்பருக்குள் பல வீடுகளில் நிலைமை தானாகவே சற்றுத் தேறியிருக்கும். பிள்ளையின் மனநிலையும் தேறியிருக்கும். அந்த முன்னேற்றம் உங்கள் ஆலோசகரின் கணக்கில் ஏறிவிடும். எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது, எண்ணூரில் எண்ணெய் பரவியது, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அந்தக் கல்வியாண்டின் இறுதியில் எடுத்த எந்தக் கணக்கெடுப்பிலும், எவ்வளவு சிறந்த திட்டமாக இருந்தாலும், பிள்ளைகள் சோர்ந்துதான் தெரிந்திருப்பார்கள்.

ஆலோசனைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஆசிரியர் ஒரு பிள்ளையை உங்களிடம் அனுப்புவது அப்பிள்ளையின் நிலை மிக மோசமாக இருக்கும் வாரத்தில். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் மருத்துவரிடம் போனால், என்ன மருந்து கொடுத்தாலும் நான்கு நாளில் பாதிப் பேருக்குக் குறைந்திருக்கும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்து 2020இல் வெளியான 'பிரைடு' ஆய்வு இதனால்தான் எனக்குப் பிடிக்கும். பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத ஆலோசகர்கள் ஒரு பகுதி மாணவர்களுக்குப் பிரச்சினை தீர்க்கும் வழிமுறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். மறு பகுதியினருக்கு அதே செய்தியடங்கிய சிறு புத்தகங்கள் மட்டும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவானது. ஆறு வாரம் கழித்து, மாணவர்கள் தங்களை வருத்துவதாகத் தாங்களே சொன்ன பிரச்சினைகளில் ஆலோசனை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். மனநல அறிகுறிகளை அளக்கும் வினாத்தாளில் இரு பகுதியினருக்குமிடையே தெளிவான வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் இந்த நுட்பம் எதுவும் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டிலேயே இதைவிடத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு, தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகிலேயே பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டம். கொரோனாவுக்குப் பிறகு கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த பொருளாதார ஆய்வாளர்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதென்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதத்தை மட்டுமே இத்திட்டத்தின் பங்காகச் சொல்லலாம் என்றும் கணித்தார்கள். 24 சதவீதம் குறைவல்ல, மிக நல்ல விளைவு. ஆனால் முன்னும் பின்னும் மட்டும் பார்த்திருந்தால் மீட்சி முழுவதும் திட்டத்தின் பெயரில் எழுதப்பட்டிருக்கும்.

இனி, வடசென்னையில் எதையும்விட முக்கியமென்று நான் கருதுவதற்கு வருகிறேன். பிப்ரவரியில் உங்கள் வினாத்தாளை எழுதாத பிள்ளைகள் யார்? நீங்கள் அனுப்பிய விவரத்தில் ஜூனில் எழுதியவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, பிப்ரவரியில் எழுதியவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, பின்னது குறைவு, ஏன் குறைவு என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூனில் 120 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 12 பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள், அதாவது 10 சதவீதம். பிப்ரவரிக்குள் 24 பேர் வகுப்பில் இல்லை. அவர்களில் 8 பேர் அந்தப் பழக்கமுள்ளவர்கள். எஞ்சிய 96 பேரில் 4 பேர், அதாவது 4 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு பிள்ளைகூடப் பழக்கத்தை விடாமலேயே உங்கள் அறிக்கையில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. பள்ளியை விட்டுப் போனவர்கள் புள்ளிவிவரத்தை அழகாக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

இது கற்பனைக் கவலை அல்ல. துறைமுகத்திலோ மூலக்கொத்தளத்துப் பட்டறையிலோ தினக்கூலிக்குச் சேர்ந்துவிடும் பையன், மறுகுடியமர்த்தலில் பெரும்பாக்கத்துக்குப் போய்விட்ட குடும்பம், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண், ஆசிரியர்கள் 'லாங் ஆப்சென்ட்' என்று பேரேட்டில் குறிக்கும் பிள்ளை, இவர்களெல்லாம் உங்கள் திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களேதான். சென்னையிலும் டெல்லியிலும் 2004இல் எடுத்து 2006இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், எப்போதேனும் புகையிலை பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் ஆறாம் வகுப்பில் 24.8 சதவீதம், எட்டாம் வகுப்பில் 9.3 சதவீதம். வயது ஏற ஏறப் பழக்கம் கூடும் என்ற வழக்கமான எதிர்பார்ப்புக்கு இது நேர்மாறு. இளையவர்களிடம் பழக்கம் புதிதாகப் பெருகுகிறது என்பதன் அறிகுறியாக ஆய்வாளர்கள் இதை வாசித்தார்கள்; தொடர் ஆய்வு வேண்டும் என்றும் சொன்னார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் எட்டாம் வகுப்புக்குள் ஒரு பகுதியினர் பள்ளியிலிருந்து நின்றுவிட்டதும், சிறு பிள்ளைகள் கேள்வியை வேறுவிதமாகப் புரிந்துகொண்டதும் இதில் எவ்வளவு பங்கு வகித்தன என்ற ஐயம் எனக்கு உண்டு. ஐயம் மட்டுமே, என்னிடம் சான்று இல்லை.

நல்ல வேளையாக இதற்கான கருவி ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவேடான எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு; மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்ற பிள்ளையின் பெயர் 'காமன் பூல்' என்ற பொதுப்பட்டியலுக்குப் போய், வேறு பள்ளியில் சேர்க்கப்படும்வரை அங்கேயே கிடக்கும். தலைமையாசிரியரின் ஒத்துழைப்போடும் உரிய அனுமதியோடும், ஜூனில் உங்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரும் மார்ச்சில் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்: இதே பள்ளி, வேறு பள்ளி, நெடுநாள் வரவில்லை, தெரியவில்லை. எந்த வினாத்தாளைவிடவும் இந்த நான்கு எண்ணிக்கைகளை நான் முதலில் பார்ப்பேன். நீங்கள் எண்ணாமல் விட்டால் வேறு யாரும் எண்ணமாட்டார்கள். மாதவாரியான வருகைப் பதிவையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். வருகையைக் கொஞ்சம் தாராளமாகக் குறிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்பதால், முன்னறிவிப்பின்றி இரண்டு மூன்று நாள் சென்று தலையெண்ணிச் சரிபார்ப்பது நல்லது.

பள்ளித் திட்டங்களால் எதுவும் ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையும் டெல்லியும் சேர்ந்த 32 பள்ளிகளில் 2004 முதல் 2006 வரை நடந்த 'மைத்ரி' என்ற புகையிலைத் தடுப்புத் திட்டத்தில், திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியபோது, நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்தது. எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கலில்தான் முடிவுசெய்தார்கள். மாணவர்கள் தாங்களே சொன்னதை வைத்து எடுத்த அளவு என்ற குறை அதற்கு உண்டு என்றாலும், நம் ஊரையும் உள்ளடக்கிய சான்று என்ற வகையில் அதை மதிக்கிறேன். அதில் பாடம் நடத்தியதோடு நிற்கவில்லை. உடன் படிக்கும் பிள்ளைகளையே குழுத் தலைவர்களாக்கினார்கள், வீட்டுக்கும் செய்தி அனுப்பினார்கள்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான 'சேஹர்' ஆய்வு உங்களுக்கு இன்னும் பயன்படும். ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் அதற்கென நியமிக்கப்பட்ட உள்ளூர் ஆலோசகர் நடத்தினார். சிலவற்றில் பள்ளி ஆசிரியர் நடத்தினார். ஆலோசகர் நடத்திய இடத்தில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் கொடுமைப்படுத்தலும் குறைந்தன; ஆசிரியர் நடத்திய இடத்தில் திட்டமே இல்லாத பள்ளிகளைவிட எந்த வேறுபாடும் இல்லை. காரணம் என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆசிரியரின் பணிச்சுமை என்பது என் ஊகம். மதிப்பெண் போடுபவரிடமே மனம் திறந்து பேசப் பிள்ளைகள் தயங்கியிருக்கலாம் என்பது இன்னோர் ஊகம். நாளந்தாவின் கிராமம் வேறு, கொருக்குப்பேட்டை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆசிரியர்கள் கற்பித்த மனநிறைநிலை (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி, வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2022இல் தெரியவந்தது. நல்ல எண்ணம், நல்ல பாடத்திட்டம், பயிற்சி பெற்ற ஆசிரியர் மூன்றும் இருந்தும் பலன் இல்லாமல் போகலாம் என்பதை இவை காட்டுகின்றன.

தற்கொலை முயற்சிகளைத் தடுத்தோம் என்ற வரி உங்கள் வரைவறிக்கையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிடுங்கள். ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடந்த 'சேய்ல்' ஆய்வில், மாணவர்களோடு நேரடியாக உரையாடி நடத்திய ஒரு திட்டத்தில் ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சி 0.70 சதவீதம், ஒப்பீட்டுப் பள்ளிகளில் 1.51 சதவீதம். ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த அந்த வேறுபாட்டைக் காட்டவே அத்தனை ஆயிரம் பேர் தேவைப்பட்டார்கள். மூன்றாம் மாதத்தில் பார்த்தபோது வேறுபாடே தெளிவாகத் தெரியவில்லை. ஆறு பள்ளிகளை வைத்துக்கொண்டு இத்தகைய அரிய நிகழ்வுகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மேலும் 600 பிள்ளைகளை அளந்தாலும், ஒரே பள்ளியில் படிப்பவர்கள் ஒரே ஆசிரியரையும் ஒரே தெருவையும் பகிர்பவர்கள் என்பதால் அவர்கள் 600 தனித்தனிச் சான்றுகள் அல்லர். பள்ளிக்கு 100 பேர் இருந்து, ஒரே பள்ளிப் பிள்ளைகளின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு ஐந்து சதவீதமே இருந்தாலும், 600 பேரின் தகவலுக்கு ஏறத்தாழ 100 பேரின் வலுதான் இருக்கும். உங்கள் புள்ளியியலாளர் இதைக் கணக்கில் எடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

தீங்கும் நேரலாம் என்பதைப் பலர் கேட்க விரும்புவதில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் 1939 முதல் 1945 வரை, வழிதவறக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்கு ஆலோசனை, பாட உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு மட்டும்; யாருக்கு என்பது நாணயத்தைச் சுண்டி முடிவுசெய்யப்பட்டது. முப்பதாண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து 1978இல் எழுதியபோது, உதவி பெற்றவர்களே குடிப்பழக்கம், மீண்டும் குற்றம், மனநோய், முன்கூட்டிய மரணம் ஆகியவற்றில் மோசமான நிலையில் இருந்தார்கள். ஆனால் அவர்களைக் கேட்டபோது பெரும்பாலோர் அந்தத் திட்டம் தங்களுக்கு உதவியது என்று நன்றியோடு சொன்னார்கள். கருத்துப்படிவத்தில் வரும் ஐந்து நட்சத்திரங்களை இதன் பிறகு நான் மதிப்பீடாக ஏற்பதில்லை. முகாமுக்கு மீண்டும் அனுப்பப்பட்டவர்களிடம்தான் தீங்கு குவிந்திருந்தது என்று பிற்காலப் பகுப்பாய்வு சொல்கிறது. சிக்கலுள்ள சிறுவர்களை ஒன்றாகக் கூட்டிவைத்தால் அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். ஆறு பள்ளிகளிலிருந்தும் 'பிரச்சினைப் பையன்களை' மட்டும் பொறுக்கி மே மாதத்தில் முகாம் நடத்தப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதை ஒருமுறை மறுபரிசீலனை செய்யுங்கள். கலந்த குழுவாக நடத்துவது பாதுகாப்பானது.

வரும் ஆண்டுக்கு என்ன செய்யலாம்? இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிவாக்கும் திட்டம் இருப்பதாகச் சொன்னீர்கள். பத்துக்கும் போதிய ஆட்கள் ஒரே ஆண்டில் கிடைக்கப்போவதில்லை. அப்படியானால் புதிய நான்கில் எந்த இரண்டு இந்த ஜூனில், எந்த இரண்டு அடுத்த ஜூனில் என்பதைத் தலைமையாசிரியர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யுங்கள். நான்கிலும் ஒரே நாளில், ஒரே முறையில் அளவெடுங்கள். காத்திருக்கும் இரண்டும்தான் உங்கள் ஒப்பீட்டுக் குழு. யாருக்கும் சேவை மறுக்கப்படவில்லை. நான்கு பள்ளிகளால் எதையும் நிறுவ முடியாது; ஆனால் மீன்பிடித் தடைக்காலமும் மழையும் தேர்வும் இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிடும். 1997இல் வெளிவந்த பிள்ளைகளின் மனநலச் சிக்கல்களை அளக்கும், 25 கேள்விகள் கொண்ட 'எஸ்டிக்யூ' வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. சொந்தமாகக் கேள்வி எழுதுவதைவிட அது மேல். வினாத்தாள் எழுதும் அறையில் வகுப்பாசிரியர் நிற்கக் கூடாது.

எத்தனை அமர்வுகள் உண்மையில் நடந்தன என்பதையும் குறியுங்கள். திருப்புதல் தேர்வு வந்தால் உங்கள் வகுப்பு முதலில் காணாமல் போகும். அது நடந்தபோதும் எந்தப் பாடவேளையில் நடந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பி.டி. பீரியடைத்தான் பள்ளிகள் தூக்கிக் கொடுக்கின்றன. வியாசர்பாடிப் பையனிடமிருந்து கால்பந்தைப் பறித்து அந்த நேரத்தில் மன அழுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால், லாப நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நட்டமும் அளக்கப்பட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. திட்டம் நன்றாக நடந்தால் சில எண்ணிக்கைகள் கூடும். நம்பிக்கை வந்த பிறகுதான் பிள்ளைகள் வீட்டு வன்முறையைச் சொல்வார்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பார்கள், பழக்கம் இருப்பதை ஒப்புக்கொள்வார்கள். இந்தக் கூடுதலைத் தோல்வி என்று நிதி தருபவர்கள் வாசிக்காதபடி, எவை கூடலாம், எவை குறைய வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு சொன்னால் சாக்காகத் தோன்றும். அதோடு, பதிலை யாரிடமும் சொல்லமாட்டோம் என்று பிள்ளைகளிடம் முழு வாக்குறுதி தராதீர்கள். பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி கட்டாயம். அந்த வரம்பைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வி வினாத்தாளில் இருக்குமானால், அந்தத் தாள்களை அன்று மாலைக்குள் படிப்பவர் யார், ஆம் என்று எழுதிய பிள்ளையைப் பெற்றோருடன் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்பவர் யார், இரவு நேரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை வீட்டில் யாரிடம் கொடுப்பது என்பவற்றைப் பெயரோடு முடிவுசெய்யும்வரை அந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டாம்.